வயர்லெஸ் இணைப்பு: உங்கள் வீட்டு வாசல் திறந்திருக்கிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வேலையாக ஆன்டி வைரஸ் புரோகிராம் ஒன்றைப் பதிந்து கொள்கிறார்கள். அடுத்து இன்டர்நெட் இணைப்புக்குச் சொல்கிறார்கள். இணைப்பு தருபவர் வருகிறார். சுவரில் ஒரு சிறிய பெட்டியை மாட்டுகிறார். துண்டுத் தாளில் வை-பை பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதன் பிறகு அந்தப் பெட்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்டர்நெட் நின்று போனால் மட்டும் சுவிட்சை அணைத்துப் போடுகிறோம்.

ரவுட்டர் எனப்படும் அந்தப் பெட்டிதான் உங்கள் வீட்டின் வாசல். கம்ப்யூட்டர், மொபைல் போன், டிவி, கண்காணிப்பு கேமரா என வீட்டில் உள்ள எல்லாமே அதன் வழியாகத்தான் வெளியே போய் வருகின்றன. இன்டர்நெட்டின் அமைப்பே இப்போது மாறி வருவதால், இந்த வாசலைப் பற்றி நாம் தெரிந்து வைத்திருந்த சில விஷயங்களும் மாறிவிட்டன. எது மாறியது, நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

சேலையூரில் ஒரு சோதனை

சேலையூர் கேம்ப் ரோடு அருகே வசிக்கும் நண்பர் ஒருவர் ஓய்வு பெற்றவர். மகளும் பேத்தியும் பிரசவத்திற்குப் பின் அவர் வீட்டில்தான் இருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் மருமகன் குழந்தையைப் பார்ப்பதற்காக ஹாலில் ஒரு கேமரா பொருத்தியிருந்தார்கள். தொட்டில் முழுவதும் அதில் தெரியும். ஒரு நாள் மருமகன் போனில், "மாமா, இதை நான் மட்டும்தானே பார்க்க முடியும்?" என்று கேட்டிருக்கிறார். நண்பருக்குப் பதில் தெரியவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பார்த்தோம். கேமராவுக்கு இரண்டு முகவரிகள் இருந்தன. ஒன்று 192.168 என்று தொடங்கும், நமக்குப் பழக்கமான முகவரி. மற்றொன்று 2 என்ற எண்ணில் தொடங்கி எண்களும் எழுத்துக்களுமாக நீண்டு சென்றது. அந்த நீண்ட முகவரியைக் குறித்துக் கொண்டேன். என் மொபைல் போனில் வை-பையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் இருந்தபடி அதைப் பிரவுசரில் தட்டினேன். அதாவது, இப்போது நான் அந்த வீட்டுக்கு முற்றிலும் வெளியாள்.

கேமராவின் பக்கம் உடனே திறந்தது. யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்டது. இரண்டிலும் அட்மின் என்று தட்டினேன். தொட்டில் தெரிந்தது. நண்பர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்க் கேமராவின் பிளக்கைப் பிடுங்கினார்.

நல்ல வேளையாக, வேறு யாரும் வந்து போனதற்கான அடையாளம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. ஆனால் பத்து ஆண்டுகளுக்கு முன் இதே கேமராவை இதே பாஸ்வேர்டுடன் அங்கே வைத்திருந்தால், வெளியே இருந்து இப்படி நேராக வந்திருப்பது இவ்வளவு எளிதல்ல. நடுவில் மாறியது எது? அதைப் புரிந்து கொள்ள முகவரிகளின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முகவரிப் பஞ்சம்

இன்டர்நெட்டில் இணையும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு முகவரி தேவை. இதனை ஐ.பி. முகவரி என்கிறோம். நீண்ட காலமாகப் பயன்பாட்டில் இருப்பது இதன் நான்காவது பதிப்பு. சுருக்கமாக ஐபிவி4. இதில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் அமைக்க முடியும். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கான இன்டர்நெட் சேவையை சென்னை உள்ளிட்ட நகரங்களில் தொடங்கியபோது, இது கடல் போன்ற எண்ணிக்கையாகத் தோன்றியது. இன்று ஒரே வீட்டில் பத்துச் சாதனங்கள் இருக்கின்றன. உலக அளவில் இம்முகவரிகளைப் பகிர்ந்து அளிக்கும் அமைப்பிடம் இருந்த கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்து போனது.

பஞ்சத்தைச் சமாளிக்க ஒரு தந்திரம் கையாளப்பட்டது. வீட்டுக்கு ஒரே ஒரு வெளி முகவரி. வீட்டிற்குள் உள்ள சாதனங்களுக்கு 192.168 என்று தொடங்கும் உள் முகவரிகள். ரவுட்டர் நடுவில் நின்று முகவரியை மாற்றி மாற்றிக் கொடுக்கும். இதற்கு நாட் என்று பெயர்.

ஓர் அபார்ட்மென்ட்டை நினைத்துக் கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரிவது ஒரே கதவு எண். உள்ளே எத்தனை வீடு, எந்த வீட்டில் யார் என்பது வெளியே யாருக்கும் தெரியாது. உள்ளே இருப்பவர் பொருள் ஒன்றை வரவழைத்தால், வாட்ச்மேன் அதைக் குறித்து வைத்துக் கொண்டு, வந்ததும் அந்த வீட்டுக்கு அனுப்புவார். யாரும் கேட்காமல் ஒருவர் வந்து நின்றால், எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று தெரியாமல் திருப்பி அனுப்பிவிடுவார். இது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு அல்ல. கதவு எண் பற்றாக்குறையால் வந்த ஏற்பாடு. ஆனால் போகிற போக்கில் பாதுகாப்பும் கிடைத்தது. சேலையூர் கேமராவின் 192.168 முகவரி இப்படித்தான் மறைந்திருந்தது.

இப்போது பல இன்டர்நெட் நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளி முகவரியைக் கொடுக்கின்றன. ஒரு காலனிக்கே ஒரு கதவு எண் என்பது போல.

ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு கதவு எண்

பஞ்சத்துக்கு நிரந்தரத் தீர்வாக வந்தது ஆறாவது பதிப்பான ஐபிவி6. இதன் வரையறை 1998-லேயே வெளியானது. உலக அளவில் நிரந்தரமாகத் தொடங்கி வைக்கப்பட்ட நாள் 2012 ஜூன் 6. இதில் உள்ள மொத்த முகவரிகள், 340 என்று எழுதி அதன் பின் 36 பூஜ்யங்கள் போட்டால் வரும் எண்ணிக்கை. ஒரு வீட்டு நெட்வொர்க்குக்கு வழக்கமாகத் தரப்படும் இடமே, பழைய 429 கோடியை 429 கோடியால் பெருக்கினால் வரும் அளவு.

நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையில் இதற்கான தேசிய வழிகாட்டுத் திட்டத்தை வெளியிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோவின் 4ஜி சேவை ஐபிவி6 முகவரிகளுடன் வந்த பின் வேகம் பிடித்தது. இப்போது ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று. தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் மொபைல் போனும் கையுமாக அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் தங்களுக்கே தெரியாமல் ஐபிவி6 பயன்படுத்திக் கொண்டிருக்கிறார்கள். வீட்டு பைபர் இணைப்புகளிலும் இது வந்துவிட்டது.

முகவரிக்குப் பஞ்சம் இல்லை என்றால் நாட் தேவையில்லை. கேமரா, டிவி, கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுவதும் செல்லுபடியாகும் சொந்த முகவரி கிடைக்கிறது. அபார்ட்மென்ட்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஜி.எஸ்.டி. சாலையிலேயே தனி வாசல் திறந்தது போல. போக்குவரத்து எளிதாகிவிட்டது. ஆனால் திருப்பி அனுப்பிய வாட்ச்மேனுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

ஆகவே ஐபிவி6 இருக்கும் இடத்தில் வாட்ச்மேனை நாமே நியமிக்க வேண்டும். அவர் பெயர் பயர்வால். "உள்ளே இருந்து கேட்டது மட்டும் வரலாம், கேட்காமல் வருவது எதுவும் கூடாது" என்ற ஒரே விதியை அவர் கவனித்தால் போதும். நல்ல ரவுட்டர்களில் இது முதலிலேயே இயக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் இருக்காது. நண்பர் வீட்டு ரவுட்டரில் ஐபிவி4 பயர்வால் இயங்கியது. ஐபிவி6 பயர்வால் அணைந்து கிடந்தது. வாசல் திறந்திருந்த காரணம் இதுதான்.

முகவரியே அடையாளம் ஆனால்?

இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் ஒரு கேமராவின் முகவரியை யார் தேடிக் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது உண்மையிலேயே முடியாத காரியம். ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு.

ஒவ்வொரு வயர்லெஸ் சாதனத்திலும் தயாரிக்கும்போதே பதியப்பட்ட மேக் எண் ஒன்று உண்டு. அதன் முதல் பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும். ஐபிவி6-ல் சாதனங்கள் தங்கள் முகவரியின் பிற்பாதியைத் தாங்களே அமைத்துக் கொள்ளலாம். ஆரம்பத்தில் இந்த மேக் எண்ணையே அதற்குப் பயன்படுத்தினார்கள். மலிவான சாதனங்கள் பல இன்னும் அப்படியே செய்கின்றன. உங்கள் வீட்டு இணைப்பின் முன்பாதி தெரிந்த ஒருவர், குறிப்பிட்ட நிறுவனத்தின் கேமராவைத் தேடினால், மீதம் சோதிக்க வேண்டியது சுமார் 1 கோடியே 67 லட்சம் முகவரிகள் மட்டுமே. கம்ப்யூட்டருக்கு இது பெரிய எண்ணிக்கை அல்ல. தவிர, சாதனம் தானாகவே வெளியே உள்ள சர்வர்களைத் தொடர்பு கொள்ளும்போது அதன் முகவரி அங்கே பதிவாகிறது. எனவே, முகவரி நீளமானது என்பதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாறாத எண் முகவரியில் இருந்தால், நீங்கள் வீட்டில் இருந்தாலும், குரோம்பேட்டையில் கடையில் இருந்தாலும், வண்டலூரில் கல்லூரியில் இருந்தாலும் அந்தப் பிற்பாதி மாறாது. உங்களை இடம் இடமாகப் பின்தொடர அதுவே போதும். இதனால்தான் அவ்வப்போது மாறும் தற்காலிக முகவரிகள் என்ற முறை வந்தது. விண்டோஸ் இதனைத் தானாகவே பயன்படுத்துகிறது. மேக் எண்ணையே மறைத்து, ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு பொய் எண் காட்டும் வசதி ஆண்ட்ராய்ட் 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) பதிப்புகளில் இருந்து வழக்கமாகிவிட்டது. மொபைல் போனும் கம்ப்யூட்டரும் கற்றுக் கொண்டன. மலிவு விலைக் கேமராவும் ஸ்மார்ட் பிளக்கும் பல இன்னும் கற்றுக் கொள்ளவில்லை.

பூட்டாத வை-பையின் விலை

இதெல்லாம் நமக்கு எதற்கு, நம்மிடம் திருட என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் 2008-ல் நடந்ததைத் தெரிந்து கொள்ள வேண்டும். அந்த ஆண்டு ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்தன. வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மெயில் வந்தது. போலீசார் ஐ.பி. முகவரியை வைத்துத் தேடியபோது, நவி மும்பையின் சான்பாடாவில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த பிளாட்டில் போய் நின்றார்கள். அவர் வீட்டு வை-பைக்குச் சரியான பாதுகாப்பு இல்லை. யாரோ வெளியில் இருந்தபடி அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். சம்பந்தமே இல்லாத அவர் வாரக் கணக்கில் விசாரணையைச் சந்திக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்த மெயிலும் மும்பை செம்பூரில் இன்னொருவரின் வை-பை வழியாகவே அனுப்பப்பட்டிருந்தது. இதன் பின் மும்பை போலீசார் தெருத் தெருவாகச் சென்று பூட்டாத வை-பை இணைப்புகளைத் தேடினார்கள். 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வை-பை இணைப்புகளைப் பாதுகாப்பாக அமைக்க வேண்டும் என இன்டர்நெட் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

ஐ.பி. முகவரி காட்டுவது இணைப்பை, ஆளை அல்ல. ஆனால் கதவைத் தட்டுபவர்கள் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள்.

அடுத்தது 2016. மிராய் என்ற தீய புரோகிராம், இன்டர்நெட்டில் இருக்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப் போய், சுமார் 60 வழக்கமான யூசர் நேம் - பாஸ்வேர்ட் ஜோடிகளை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தது. திறந்தவற்றை எல்லாம் தன் படையில் சேர்த்துக் கொண்டது. அந்தப் படை அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது டுவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்கள் பல இடங்களில் மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. 2017 ஜூலையில் இது போன்ற தாக்குதல் நம் நாட்டு பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்களைத் தாக்கியது. ஆயிரக்கணக்கான மோடம்கள் செயலிழந்தன. பாதிக்கப்பட்டவை, தயாரிப்பாளர் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமலே வைத்திருந்தவை. பாஸ்வேர்டை உடனே மாற்றுமாறு அந்நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக் கொண்டது.

காற்றில் போகும் பேச்சு

வயரில் போகும் டேட்டாவை ஒட்டுக் கேட்க வயரைத் தொட வேண்டும். வை-பையில் அந்தச் சிரமம் இல்லை. அடுத்த பிளாட், மாடிப்படி, தெருவில் நிற்கும் கார் என எங்கிருந்தும் கேட்கலாம். ஆகவே பேச்சையே யாருக்கும் புரியாத மொழியாக மாற்றுகிறார்கள். இதில் முதலில் வந்தது வெப் என்னும் முறை. 2001-லேயே இதன் பலவீனம் வெளியாகிவிட்டது. பின் 2003-ல் டபிள்யூ.பி.ஏ., 2004-ல் டபிள்யூ.பி.ஏ.2, 2018-ல் டபிள்யூ.பி.ஏ.3 ஆகியவை வந்தன. இன்று பயன்படுத்தத் தக்கவை கடைசி இரண்டு மட்டுமே.

டபிள்யூ.பி.ஏ.2 முறையில் ஒரு குறை உண்டு. உங்கள் போன் ரவுட்டருடன் இணையும் அந்த ஒரு நொடிப் பேச்சைப் பதிவு செய்து கொண்டால், பிறகு தன் வீட்டில் அமர்ந்து பாஸ்வேர்டை ஊகித்துப் பார்த்துக் கொண்டே இருக்கலாம். நம் பக்கத்தில் பல வீடுகளில் வை-பை பாஸ்வேர்ட் எது தெரியுமா? வீட்டுக்காரரின் மொபைல் எண். நம் நாட்டு மொபைல் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்குகின்றன. ஆக மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் ஒன்று இத்தனையையும் சில மணி நேரத்தில் சோதித்துவிடும். உங்கள் எண் தெரிந்தவருக்கு அதுவும் தேவையில்லை. டபிள்யூ.பி.ஏ.3 முறையில் இப்படி வீட்டுக்கு எடுத்துச் சென்று ஊகிக்க முடியாது.

நான்தான் ரவுட்டர் என்று சொன்னால்

ஐபிவி6-ல் ஒரு வசதி உண்டு. ரவுட்டர் அவ்வப்போது "நான்தான் ரவுட்டர், என் வழியாகப் போங்கள்" என்று அறிவிக்கும். சாதனங்கள் அதைக் கேட்டுத் தங்கள் முகவரியைத் தாங்களே அமைத்துக் கொள்ளும். யாரும் எதையும் செட் செய்ய வேண்டாம். ஆனால் அதே நெட்வொர்க்கில் உள்ள வேறொரு கம்ப்யூட்டரும் அப்படி அறிவித்தால்? சாதனங்கள் அதையும் நம்பிவிடும். பெரிய அலுவலகங்களில் இதைத் தடுக்கும் கருவிகள் இருக்கின்றன. வீட்டு ரவுட்டர்களில் பொதுவாக இருப்பதில்லை. எனவே, வை-பை பாஸ்வேர்டை யாருக்குக் கொடுக்கிறோம் என்பது முன்னைவிட முக்கியமாகிறது.

பொது இடங்களில் இன்னொரு ஏமாற்று உண்டு. ரயில்டெல் நிறுவனம் நாடு முழுவதும் 6,000-க்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களில் ரயில்வயர் என்ற பெயரில் வை-பை தருகிறது. நல்ல சேவை. ஆனால் பிளாட்பாரத்தில் அமர்ந்திருக்கும் யார் வேண்டுமானாலும் அதே பெயரில் ஒரு நெட்வொர்க்கைத் தன் மொபைல் போனில் இருந்து உருவாக்கலாம். உங்கள் போனுக்குப் பெயர் மட்டும்தான் தெரியும். எனவே, பொது வை-பையில் வங்கி வேலைகள் வேண்டாம். பிரவுசர் "இந்தத் தளத்தின் சான்றிதழ் சரியில்லை" என்று எச்சரித்தால் ஒரு போதும் தாண்டிச் செல்ல வேண்டாம்.

நாளைய இன்டர்நெட்

இன்டர்நெட்டின் அடிப்படை 1970-களில் அமைக்கப்பட்டது. அன்று கம்ப்யூட்டர்கள் ஓர் அறையை விட்டு நகராதவை. அதனால் முகவரி என்பது இடத்தோடு கட்டப்பட்டது. இன்று சாதனங்கள் ஓடிக் கொண்டே இருக்கின்றன. வீட்டு வை-பையில் பேசிக் கொண்டே தெருவில் இறங்கி மொபைல் டேட்டாவுக்கு மாறினால் உங்கள் முகவரி மாறிவிடுகிறது. பழைய முறையில் இணைப்பு அறுந்துவிடும்.

தீர்வு என்ன? சேலையூரில் இருந்து மேடவாக்கத்துக்கு வீடு மாறினால் முகவரி மாறும், பெயர் மாறாது. அது போலச் சாதனத்துக்கு ஒரு நிரந்தரப் பெயரும், இருக்கும் இடத்துக்கு ஒரு முகவரியும் தனித்தனியாக வேண்டும். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2010-ல் நிதி அளித்த திட்டங்களில் ஒன்றான மொபிலிட்டி பர்ஸ்ட் இதைத்தான் ஆராய்ந்தது. அதில் பெயரே ஒரு சங்கேதத் திறவுகோலாக இருக்கும். பெயரைச் சொல்பவர் உண்மையானவர்தானா என்பதை அதை வைத்தே சோதிக்கலாம். அதே ஆண்டு தொடங்கிய இன்னொரு திட்டத்தில், டேட்டாவுக்கே பெயர் வைத்துக் கையெழுத்தும் இடுகிறார்கள். அது எந்த வழியாக வந்தாலும் உண்மையானதா என்று பார்த்துக் கொள்ளலாம்.

ஆனால் ஒவ்வொரு வசதியும் ஒரு புதுக் கேள்வியைக் கொண்டு வருகிறது. நிரந்தரப் பெயர் இருந்தால் ஆளைப் பின்தொடர்வது எளிது. எந்தப் பெயர் இப்போது எங்கே என்று சொல்லும் பட்டியலை யார் வைத்திருப்பது? அதையே தாக்கினால்? கூகுள், யூடியூப் போன்றவை பயன்படுத்தும் குயிக் என்ற முறை (2021-ல் தரப்படுத்தப்பட்டது) இந்தச் சிக்கலுக்கு நடுவழி ஒன்றைக் கண்டது. முகவரி மாறினாலும் இணைப்பு அறாமல் இருக்க ஓர் எண்ணை வைத்துக் கொள்கிறது. பின்தொடர முடியாதபடி அந்த எண்ணையும் மாற்றிக் கொள்கிறது.

மொபைல் போனிலும் இதே கதைதான். 2ஜி காலத்தில் டவர் உண்மையானதா என்று போன் சோதிப்பதே இல்லை. 4ஜி வரையிலும் சிம் கார்டின் நிரந்தர எண், சில சமயம் மறைக்கப்படாமல் காற்றில் போனது. போலி டவர் வைத்து ஆட்களை அடையாளம் காண அது போதும். 5ஜி-யில் அந்த எண்ணை மறைத்தே அனுப்ப வழி உண்டு. ஆனால் 4ஜி-யின் உள் அமைப்பின் மீது நிற்கும் 5ஜி இணைப்புகளில் இந்தப் பலன் கிடைக்காது. நம் தென் சென்னைக்கு இந்தத் துறையில் பழைய உறவு உண்டு. 1990-களில் கார்டெக்ட் என்ற கம்பியில்லா தொலைபேசி - இன்டர்நெட் முறை சென்னை ஐ.ஐ.டி.யில்தான் உருவானது. 2022 மே 17 அன்று தொடங்கி வைக்கப்பட்ட 5ஜி சோதனைக் களத்தை உருவாக்கிய எட்டு நிறுவனங்களுக்குத் தலைமை ஏற்றதும் அதே ஐ.ஐ.டி.தான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

இனி நம் வேலைக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் போதும்.

1. ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற முகவரியும், யூசர் நேம், பாஸ்வேர்டும் இருக்கும். முகவரியைப் பிரவுசரில் தட்டி உள்ளே செல்லுங்கள். உங்களிடம் அந்த விவரம் இல்லை என்றால், இணைப்பு தந்தவரிடம் கேளுங்கள்.

2. முதலில் இந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இதுவும் வை-பை பாஸ்வேர்டும் வேறு வேறு. இரண்டையும் மாற்ற வேண்டும்.

3. வயர்லெஸ் செக்யூரிட்டி என்ற பிரிவில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் தேர்ந்தெடுக்கவும். பழைய சாதனங்கள் இணைய மறுத்தால் டபிள்யூ.பி.ஏ.2 - டபிள்யூ.பி.ஏ.3 கலந்த நிலையை அமைக்கவும். வெப் என்று இருந்தால் உடனே மாற்றவும்.

4. வை-பை பாஸ்வேர்டாக ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து எழுதுங்கள். மொபைல் எண், பிறந்த நாள், வீட்டு எண் வேண்டாம். அதைத் தாளில் எழுதி பீரோவில் வைத்துக் கொள்வதில் தவறில்லை.

5. ஐபிவி6 என்ற பிரிவைத் தேடி, அதன் பயர்வால் இயங்குகிறதா எனப் பாருங்கள். அணைந்திருந்தால் இயக்குங்கள். பயர்வால் வசதியே இல்லாத ரவுட்டர் என்றால், வேறு ரவுட்டர் வாங்கும் வரை ஐபிவி6-ஐ நிறுத்தி வைக்கலாம்.

6. டபிள்யூ.பி.எஸ்., ரிமோட் மேனேஜ்மென்ட் ஆகிய இரண்டையும் அணைத்துவிடுங்கள். யு.பி.என்.பி. என்பது உள்ளே இருக்கும் சாதனம் தானாகவே வாசலைத் திறந்து கொள்ள உதவும் வசதி. தேவை இல்லாதவர்கள் அதையும் அணைக்கலாம்.

7. கெஸ்ட் நெட்வொர்க் வசதி இருந்தால் கேமரா, டிவி, ஸ்மார்ட் பிளக் ஆகியவற்றை அதில் இணையுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் தனியாக இருக்கட்டும்.

8. கேமராவின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாற்ற முடியாத கேமராவை வீட்டிற்குள் வைக்காதீர்கள்.

9. ரவுட்டரின் உள் புரோகிராமுக்குப் புதிய பதிப்பு வந்துள்ளதா என ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள்.

10. கடைசியாக, சேலையூரில் செய்த அதே சோதனை. சாதனங்களின் பட்டியலில் 2-ல் தொடங்கும் முகவரியைக் குறித்து, மொபைல் போனில் வை-பையை அணைத்துவிட்டு, சதுர அடைப்புக்குறிக்குள் இட்டுப் பிரவுசரில் தட்டுங்கள். பக்கம் திறக்காமல் இருந்தால் நல்லது. உங்கள் சொந்தச் சாதனங்களில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

நெட்வொர்க் பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பெயரை மறைத்தாலும் காற்றில் போகும் சிக்னல்களில் அது தெரிந்துவிடும். மேக் எண் பட்டியல் போடுவதும் அப்படித்தான்; அந்த எண்ணைப் பொய்யாகக் காட்டுவது எளிது. இவற்றை நம்பி மற்றவற்றை விட்டுவிட வேண்டாம்.

உங்கள் கம்ப்யூட்டரில் தீய புரோகிராம் புகுந்ததாகச் சந்தேகம் வந்தால், மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் அதை நீக்கும் புரோகிராம்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இதன் சுருக்கப் பெயர் சி.எஸ்.கே. என்பதால் சென்னைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். பண மோசடி ஏதும் நடந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்கவும்.

சேலையூர் நண்பர் வீட்டில் கேமரா மீண்டும் இயங்குகிறது. பயர்வாலை இயக்கி, பாஸ்வேர்டை மாற்றிய பின் என் போனில் எத்தனை முறை தட்டியும் பக்கம் திறக்கவில்லை. மருமகன் மட்டும் கேமரா நிறுவனத்தின் ஆப் வழியாகப் பார்க்கிறார். இருந்தாலும் நண்பர் இன்னொரு பழக்கத்தையும் வைத்துக் கொண்டிருக்கிறார். பேத்தியைத் தூங்க வைத்த பின், கேமராவைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிடுகிறார். எந்த செட்டிங்ஸும் தேவைப்படாத பாதுகாப்பு அது.